கயாவில் விட்ட கத்திரிக்காய்

என் மகள் பாகற்காய் சாப்பிடுவாள். உருளைக்கிழங்கை இலையோரம் ஒதுக்கிவிட்டு, பாகற்காய்ப் பொரியலைச் சோற்றோடு பிசைந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குகிற எட்டு வயதுக் குழந்தையை நான் வேறு எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. குழந்தைகள் டாக்டரிடம் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இங்கே வருகிற பிள்ளைகள் எல்லாம் பாகற்காயைக் கண்டால் ஓடும், உங்கள் பிள்ளை தலைகீழாக இருக்கிறதே என்றார். பிறகு அவளை எடை மெஷினில் ஏற்றினார். சிரிப்பு நின்றது. போன முறையைவிடக் குறைந்திருந்தது. அதற்கு முந்தின முறையும் அப்படித்தான்.

காய்கறி, பருப்பு, முட்டை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். இப்படியே போனால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கும் என்றார். மகள் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த கேரட்டுக்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள்.

அவளுடைய அம்மா இறந்து இரண்டாவது வருடம் முடியப்போகிற சமயம் அது.

என் மனைவி திருவாரூர்ப் பெண். தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் பூதலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. அது குவியலாக இருக்கும். குழம்பு அதன் மேல் ஓடும். காய் என்பது தொட்டுக்கொள்ள மட்டும். ஆற்றுப் படுகையில் கத்திரிக்காய் காய்க்கிற பருவத்தில் தினமும் கத்திரிக்காய், பூசணி வந்தால் பூசணி தீரும்வரை பூசணி. அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளைகிற ஊரில், காய் என்பது யாரோ கொடுத்தால் வருவது, இல்லாவிட்டால் அப்பளம் பொரித்துக்கொள்வது.

அவள் வந்த பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. நேற்றுச் சமைத்த காயை இன்று சமைக்கக் கூடாது. அதற்கு அவள் சொன்ன காரணம் சத்தோ வைட்டமினோ அல்ல. ஒரே காயைத் தின்றால் நாக்கு மரத்துப்போகும் என்பாள். தொட்டுக்கொள்வதற்கு ஊறுகாய் இருக்கிறது, காய் சாப்பிடுவதற்கு என்பாள். உழவர் சந்தையில் எல்லாவற்றிலும் கால் கிலோ வாங்குவாள். புடலங்காயில் பாதி கேட்பாள். படுகைக் காய் விற்கும் ஒரு அம்மாள் அவளைக் கண்டாலே பக்கத்துக் கடைக்காரியிடம் உரக்கச் சொல்வாள்: "டீச்சர் வந்துட்டாங்க. காய் வாங்க வரல, சாம்பிள் பாக்க வந்திருக்காங்க." இவளும் விடமாட்டாள். சாம்பிள் நன்றாக இருந்தால் நாளைக்கு வருகிறேன் என்பாள். நாளைக்குப் போய் வேறு காய் வாங்குவாள்.

மகளுக்குப் பேச்சு வந்த காலத்திலிருந்து காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன காய்?" பல் விளக்குவதற்கு முன்பே கேட்பாள். அவள் அம்மா சட்டென்று சொல்ல மாட்டாள். பச்சையாக இருக்கும், முதுகில் வரி இருக்கும் என்று துப்புக் கொடுப்பாள். பீர்க்கங்காயா என்று கேட்டால் இல்லை என்பாள். மகள் வாயில் பிரஷ்ஷோடு சமையலறைக்கு ஓடி முறத்தைப் பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தலை வலிக்கிறது என்று படுத்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வியாழக்கிழமை அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த ஞாயிறு காலை அவள் செய்தது எண்ணெய்க் கத்திரிக்காய். நான் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டைத் தாங்கியவள் மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தானுக்கு அரிசிக் கடை. வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்துவிடுவாள். இரண்டு பையில் காய் இருக்கும். மற்ற நாட்களில் நான் சமைத்தேன். சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் எனக்குக் கைவந்தன. மகள் குறை சொல்லவில்லை. இன்றைக்கு என்ன காய் என்று கேட்பதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

முதல் வருடத் திதி முடிந்ததும், கயாவுக்குப் போய்விட்டு வந்துவிடு என்றாள் அக்கா. எங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை, செய்ய வேண்டியவன் நான்தான். கும்பகோணத்திலிருந்து கிளம்பிய ஒரு யாத்திரைக் கூட்டத்தோடு போனேன். மகளை அக்கா பார்த்துக்கொண்டாள்.

கயாவில் பிண்டம் வைத்து முடித்ததும் ஓர் ஆலமரத்தடிக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஒவ்வொருவரும் ஒரு காய், ஒரு பழம், ஓர் இலை ஆகியவற்றை விட்டுவிட்டு வர வேண்டும். விட்டதை அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தொடக் கூடாது. நமக்கு மிகவும் பிடித்ததை விட வேண்டும் என்பது விதி. பிடிக்காததை விடுவது நடைமுறை. எங்கள் பக்கத்தில் காசிக்குப் போய் வந்தவர் யாரைக் கேட்டாலும் காலிஃபிளவரையோ பீட்ரூட்டையோ விட்டிருப்பார். அக்காவும் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பீர்க்கங்காயைச் சொல்லிவிட்டு வா, கத்திரிக்காய், வாழைக்காய் என்று எதையாவது உளறிவைக்காதே என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர், மனைவியோடு. புரோகிதர் கேட்டதும் அவர் கம்பீரமாக "நூக்கல்" என்றார்.

"நூக்கல் உருண்டையா இருக்குமா, நீளமா இருக்குமான்னு கேளுங்க இவரை," என்றாள் அவர் மனைவி. "விடுறதுக்காவது ஒரு நாள் வாங்கிட்டு வந்திருக்கணும்ல?"

வரிசை முழுக்கச் சிரித்தது. புரோகிதரும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் முறை வந்துவிட்டது. பீர்க்கங்காய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கத்திரிக்காய் என்று சொன்னேன். பழத்துக்கு சப்போட்டா. இலைக்கு எதைச் சொன்னேன் என்பது நினைவில்லை.

திரும்பி வந்த அன்று, பையை இறக்குவதற்குள் அக்கா கேட்டாள், எதை விட்டாய் என்று. சொன்னேன்.

"சொல்லித்தானே அனுப்புனேன் தம்பி. இனிமே எந்தக் கல்யாண வீட்டுல உக்காந்து நீ சாப்பிடப் போற? சாம்பார்ல கெடக்குறத விரல விட்டுப் பொறுக்கிக்கிட்டு இருப்பியா?"

மகள் கங்கைச் சொம்பைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக விட வேண்டும் என்று கேட்டாள். அக்கா அவளுக்குப் பொறுமையாகச் சொன்னாள். அம்மாவுக்காக அப்பா விட்டிருக்கிறார். நமக்கு ரொம்பப் பிடித்ததை விட்டால் அது அம்மாவுக்குப் போய்ச் சேரும். பிடிக்காததை விட்டால் சேராது. அத்தான் அந்தக் காலத்தில் பீட்ரூட்டை விட்டார், அது எங்கே போயிற்றோ என்றாள். மகள் சிரித்தாள். பிறகு, தினமும் போய்ச் சேருமா என்று கேட்டாள். தினமும்தான் என்றாள் அக்கா. சொம்பை வாங்கிக் குங்குமம் வைத்து அலமாரியில் வைத்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

முதலில் கேரட் நின்றது. பள்ளிக்கூடத்து டிபன் டப்பாவில் கேரட் துண்டுகள் அப்படியே திரும்பி வந்தன. வீட்டில் போட்டாலும் வேண்டாம் என்றாள். பிடிவாதம் இல்லை, அழுகை இல்லை. பெரியவர்கள் மறுசோறு மறுப்பதைப் போலக் கையை இலைக்குக் குறுக்கே நீட்டுவாள். அடுத்தது அவரைக்காய். அடுத்தது உருளைக்கிழங்கு. அன்று நான் அக்காவுக்குப் போன் செய்தேன். உருளைக்கிழங்கை வேண்டாம் என்கிற குழந்தை இருக்கிறதா என்று கேட்டேன். வயிற்றில் பூச்சியாக இருக்கும் என்று அவள் வேப்பங்கொழுந்தோடு வந்தாள்.

நான் நாளிதழ் ஒன்றின் தஞ்சைப் பதிப்பில் உதவி ஆசிரியர். வாரம் ஒரு முறை வரும் குடும்ப இணைப்பு என் பொறுப்பு. குழந்தைகளைக் காய்கறி சாப்பிட வைப்பது எப்படி என்ற கட்டுரை அதில் அடிக்கடி வரும். பள்ளி திறக்கும்போது ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று. சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள், அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், நட்சத்திரமாக வெட்டுங்கள், தோசை மாவில் கலந்துவிடுங்கள், தொட்டியில் ஒரு செடி வளர்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். எத்தனையோ முறை இவற்றைத் திருத்தி, சுருக்கி, தலைப்பு வைத்துப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். இப்போது முதல் முறையாக அவற்றை ஒரு வாசகனைப் போலப் படித்தேன்.

ஆச்சரியம் என்னவென்றால், அவை பலித்தன. உழவர் சந்தைக்கு அழைத்துப் போனேன். சுரைக்காயைத் தூக்கிக் குழந்தை போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கூட்டாகச் செய்தேன். ஆசையாகச் சாப்பிட்டாள், இன்னும் கேட்டாள். அந்த மாதம் மூன்று நான்கு முறை சுரைக்காய் செய்தோம். பிறகு ஒரு நாள் கையைக் குறுக்கே நீட்டினாள். பீட்ரூட்டை அரைத்துப் பூரி மாவில் பிசைந்தேன். ரோஜா நிறத்தில் பூரி உப்பி வந்தது. கைதட்டினாள். இரண்டு வாரம் கழித்து, இதில் பீட்ரூட் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். வெறும் சட்னியைத் தொட்டு நக்கிவிட்டு எழுந்துவிட்டாள்.

மாடியில் தொட்டி வைத்தோம். வெண்டை விதையை அவளே ஊன்றினாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன், மாலையில் வந்ததும், தண்ணீர். முதல் பூ வந்தபோது ஆபீசில் இருந்த என்னைப் போனில் கூப்பிட்டாள். பிஞ்சுகளைப் பறித்து, நுனியை ஒடித்துப் பார்த்து, இது முற்றல் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தாள். அந்த வதக்கலைச் சாப்பிட்டபோது அவள் முகத்தில் இருந்ததை நான் வெகுநாள் பார்த்திருக்கவில்லை. அக்காவிடம் சொல்லி இருவரும் சந்தோஷப்பட்டோம். இரண்டாவது பறிப்பு வந்தது. அவள் பறித்தாள், கழுவினாள், துடைத்து முறத்தில் வைத்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது வேண்டாம் என்றாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அது கடைசிவரை காய்த்தது. நான் தின்றேன்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். அவள் நிறுத்திய எல்லாமே அவளுக்குப் பிடித்தவை. கொத்தவரங்காய் பிடிக்காது, ஆனால் சாப்பிட்டாள். பாகற்காயைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். என்ன கண் பட்டதோ, ஆசையாகத் தின்பதெல்லாம் நின்றுபோகிறதே என்று அக்கா மிளகாய் சுற்றிப் போட்டாள். அம்மா போன துக்கம் குழந்தையின் நாக்குக்குப் போய்விட்டது என்று நான் நினைத்தேன். அப்படி ஒரு வாக்கியத்தை யாராவது எழுதி அனுப்பியிருந்தால் பேனாவால் அடித்திருப்பேன். ஆனால் அதைத்தான் நம்பினேன். அவள் முழங்கை எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. யூனிபாரத்தின் இடுப்பில் அக்கா ஊக்கு குத்திக் கொடுத்தாள்.

இரண்டாவது வருடத் திதி வந்தது. அக்கா முதல் நாளே வந்துவிட்டாள். கேரட், பீன்ஸ் எல்லாம் திதிக்கு ஆகாது என்கிறவள், என் மனைவிக்குப் பிடிக்குமே என்று அன்று கேரட்டும் வாங்கி வந்திருந்தாள். நான் விடிந்ததும் திருவையாற்றுப் படித்துறையில் திதி கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குள் சமையல் முடிந்திருந்தது. மனைவியின் படத்துக்கு முன்னால் நுனி இலை போட்டு அக்கா ஒவ்வொன்றாக வைத்தாள். வாழைக்காய் வறுவல், அவரைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய், சுரைக்காய்க் கூட்டு, உருளைக்கிழங்கு, கேரட், பாகற்காய்ப் பச்சடி. கத்திரிக்காய் இல்லை. அதை நான் விட்டிருந்ததால் வீட்டுக்குள் வருவதையே அவள் நிறுத்தியிருந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

மகள் பாவாடை கட்டிக்கொண்டு இலைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு அத்தை வைக்கிறீங்க?" என்றாள். "அம்மாகிட்டதான் இருக்கே."

அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் வைக்காமலே கேட்டாள். "எதுடி இருக்கு?"

"கேரட், அவரக்கா, வெண்டக்கா. உருளக்கெழங்கு. நான் விட்டேன்ல."

"எதுக்கு விட்ட?"

மகள் என்னைப் பார்த்தாள். இது உனக்குக் கூடத் தெரியாதா என்பதைப் போல. பிறகு, புரியாதவர்களுக்கு விளக்குகிற நிதானத்தில் சொன்னாள்.

"அப்பா கத்திரிக்கா மட்டும்தானே விட்டாங்க. தினமும் கத்திரிக்காயே வந்தா அம்மா என்ன பண்ணுவாங்க? நேத்து சாப்பிட்டத இன்னிக்கு சாப்பிட மாட்டாங்கல்ல."

குக்கரில் ஆவி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாவக்கா?" என்று நான் கேட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அது எனக்குப் பிடிக்காது. அது சேராது."

அக்கா இலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டி மடியில் இருந்தது, புடவையில் எண்ணெய் இறங்குவது அவளுக்குத் தெரியவில்லை. நான் நின்றுகொண்டே ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். சுரைக்காய். பீட்ரூட் பூரி. மாடித் தொட்டி. நாங்கள் பாடுபட்டு ஒரு காயை அவளுக்குப் பிடித்ததாக்க வேண்டியது, பிடித்துப்போனதும் அவள் அதை அனுப்பிவிட வேண்டியது. ஒரு வருடமாக இந்த வீட்டில் நடந்தது இதுதான். வெண்டைச் செடிக்கு ஏன் கடைசிவரை தண்ணீர் ஊற்றினாள் என்பதும் புரிந்தது.

விட்டது எதுவும் எங்கேயும் போய்ச் சேராது என்று சொல்லலாம். சொன்னால் நாளையே சாப்பிடுவாள். ஆனால் அவள் ஒரு வருடம் அனுப்பியதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்பாள். அப்படியானால் அப்பா எதற்காக விட்டார் என்றும் கேட்பாள். சேரும் என்று சொன்னால் இன்னும் விடுவாள். எனக்கே இரண்டில் எது என்று தெரியாது. ஆலமரத்தடியில் கத்திரிக்காய் என்று சொன்னபோது, யாருக்கோ எதையோ கொடுத்துவிட்டு எழுந்ததைப் போலத்தான் இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவள் அக்காதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மகளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். படைத்ததை அம்மா முதலில் சாப்பிடுவாள், மிச்சத்தை நாம் சாப்பிட வேண்டும், நாம் சாப்பிட்டால்தான் அம்மாவுக்கு வயிறு நிறையும், அதற்குத்தான் இந்த இலை என்று சொன்னாள். மகள் யோசித்தாள்.

விட்டதைச் சாப்பிடலாமா என்று கேட்டாள். இன்றைக்குப் படைத்துவிட்டால் சாப்பிடலாம் என்றாள் அக்கா. அவள் இதை எங்கும் கேட்டிருக்க முடியாது. அந்த நிமிடத்தில் உண்டாக்கிச் சொன்னாள். விட்டதைத் தொட்டால் பாவம் என்று, கல்யாண வீடுகளில் அத்தான் இலையிலிருந்து பீட்ரூட்டைத் தானே பொறுக்கி எடுக்கிறவள் அவள்.

மகள் அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்பா கத்திரிக்கா சாப்பிடுவாங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"போய் வாங்கிட்டு வா தம்பி," என்றாள் அவள். "மேல போனப்புறம் யாராச்சும் கேட்டா என் பேரச் சொல்லு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். வெயில் ஏறியிருந்தது. படுகைக் கத்திரிக்காய், ஊதாவில் வெள்ளை வரி போட்டது, கூடையில் கொஞ்சம் கிடந்தது. பிஞ்சாகப் பொறுக்கினேன். கால் கிலோ போதுமா சார், இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சே என்றான் கடைக்காரன். போதும் என்றேன்.

நான் வந்தபோது காக்கைகள் சுவரில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. படையல் தாமதமாகிறது என்று அவற்றுக்கும் தெரியுமோ என்னவோ. காத்திருக்கட்டும், நாம என்ன ஓடியா போறோம் என்று அக்கா அவற்றைத் திட்டினாள். காம்பைப் பாதியாக நறுக்கி, நான்காகக் கீறி, மசாலா அடைத்து, நல்லெண்ணெயில் போட்டாள். வீட்டில் அந்த வாசனை எழுந்தது. மகள் சமையலறை வாசலில் நின்று மூக்கைத் தூக்கினாள். நான் முன்னறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். மறுபடியும் சாத்தினேன்.

கத்திரிக்காயை இலையில் வைத்து, சூடம் காட்டி, காக்கைக்கு வைத்துவிட்டு, மூன்று இலை போட்டு உட்கார்ந்தோம். அக்கா எல்லாவற்றையும் எல்லா இலையிலும் வைத்தாள். மகள் கையைக் குறுக்கே நீட்டவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு கத்திரிக்காயை எடுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டேன்.

"நல்லா இருக்கா?"

"காரமா இருக்கு."

"அம்மா செய்யற மாதிரி இருக்கா?"

"இல்லம்மா."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு வெண்டைக்காயை எடுத்தாள். அதன் பிறகு உருளைக்கிழங்கு, கேரட், அவரைக்காய். எதையும் கலக்காமல், ஒன்று முடிந்ததும் அடுத்தது. யாரிடமோ கொடுத்து வைத்திருந்ததைத் திரும்ப வாங்கி, சரியாக இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வைப்பதைப் போல. அக்கா குனிந்து தன் இலையையே பார்த்துச் சாப்பிட்டாள். பாகற்காய்ப் பச்சடி மகளின் இலையில் அப்படியே இருந்தது. அதைச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை.

பாதியில் நிறுத்தினாள்.

"அப்ப அம்மாகிட்ட இப்ப எதுவும் இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவளிடம் அதற்கு மேல் கதை இல்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் இன்னொரு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். ஓர் உருளைக்கிழங்குத் துண்டை மட்டும் இலையின் நுனியில் தள்ளி வைத்தாள், அதன் மேல் இலையை மெதுவாக மடித்தாள், எழுந்து கை கழுவப் போனாள். அக்கா இலைகளை எடுத்தபோது அந்த இலையைக் கடைசியாக எடுத்தாள். அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். "இன்னிக்கு என்ன காய்?" என்றாள். நான் யோசித்திருக்கவில்லை. நேற்று எல்லாமே வைத்துவிட்டோமே, இனி எதுதான் மிச்சம் என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்டாள். பீர்க்கங்காய் என்றாள் மகள். நாங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போய்க் கால் கிலோ வாங்கி வந்தோம்.

இப்போது ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்கிறார் டாக்டர். ஊக்கு இல்லாமல் யூனிபாரம் நிற்கிறது. பாகற்காய் சுத்தமாக நின்றுபோய்விட்டது. அதை மட்டும் கண்டால் ஓடுகிறாள். அக்காவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

கத்திரிக்காயும் அதன் முறை வரும்போது வருகிறது. எண்ணெயில் வதக்கித்தான் வேண்டும் என்று மகள் கேட்கிறாள். அக்கா சொல்லிக் கொடுத்தபடி நான் செய்கிறேன். மனைவி போனதிலிருந்து இரண்டாவது திதி நாள்வரை, நான் கடைசியாகச் சாப்பிட்ட கத்திரிக்காய் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கத்திரிக்காயாக இருந்தது. புளி கொஞ்சம் தூக்கலாக, காரம் அடங்கி இருக்கும். எள் வறுத்துப் போடுவாள் என்று நினைக்கிறேன். அல்லது வேர்க்கடலையா? அந்த இரண்டு வருடமும் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். போன வாரம் செய்யும்போது அடுப்பு முன்னால் நின்று நினைவுபடுத்திப் பார்த்தேன். நாக்கில் அக்காவின் காரம்தான் வந்தது. மகளைக் கூப்பிட்டு, அம்மா இதில் எள் போடுவாளா என்று கேட்டேன்.

"தெரியலப்பா," என்றாள். இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.